2.94-ஐத் தொடும் வரை தூக்கம் கிடையாது

செஸ்ஸில் உடம்பு சிலிர்க்க வைக்கும் காட்சி எது என்று கேட்டால் ஆளாளுக்கு ஓர் உலக சாம்பியன் பெயரைச் சொல்வார்கள். நான் ஒரு கறுப்புத் திரையைக் காட்டுவேன். பலகை கிடையாது, காய் கிடையாது, நெற்றியைப் பிடித்துக்கொண்டு யோசிக்கும் ஆட்டக்காரர் கிடையாது, வரிவரியாக எழுத்து மட்டும் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். செஸ் ஆடுகிற நிரலைத்தான் எஞ்சின் என்போம்; ஒரே ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின், அதற்கு இரண்டு விதமான செட்டிங், இரண்டும் ராத்திரி முழுக்க மோதிக்கொண்டிருக்கும். எது உசத்தி? அதை ஒரு துளி ஓரவஞ்சனை இல்லாமல், அதிர்ஷ்டத்தை ஓரங்கட்டிவிட்டு, "இதுதான்" என்று அடித்துச் சொல்கிற இடத்துக்குப் போய்ச் சேர்வது இருக்கிறதே, அடடா! உலக சாம்பியன்ஷிப் நேரலை ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, நான் இந்தத் திரையையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை.

வாருங்கள், பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். எஞ்சின்களை மோதவிட்டு நடுவராக நிற்க கியூட்செஸ், ஃபாஸ்ட்செஸ் என்று நிரல்கள் இருக்கின்றன. இரண்டு எஞ்சினையும் காட்டி, நேரத்தைச் சொல்லி, தட்டிவிட்டால் போதும். இப்போது 50 ஆட்டம் முடிந்தது என்று வையுங்கள். திரையில் விழுகிற வரி இது: வெற்றி 12, தோல்வி 10, டிரா 28. ஆஹா, நம்ம ஆள் முன்னால் நிற்கிறான், 52 சதவீதம், எலோ கணக்கில் 13.9 கூடுதல்! கை தானாகத் தட்டப் போகும். அப்போது அதே வரியின் ஓரத்தில் பாருங்கள், சின்னதாக, அடக்கமாக: கூட்டல் கழித்தல் 64. அதாவது நம்ம ஆள் 78 எலோ பலசாலியாகவும் இருக்கலாம், 50 எலோ சோப்ளாங்கியாகவும் இருக்கலாம்! அந்த எண்ணைத்தான் நான் காதலிக்கிறேன். எவ்வளவு ஆசையோடு பார்த்தாலும் அது முகத்துக்காகப் பொய் சொல்லாது. "இன்னும் தெரியவில்லை, பொறு" என்று சொல்லும், அவ்வளவுதான். பொறுப்பதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்று இந்தத் திரைதான் எனக்குக் காட்டியது.

எலோ என்பது ஆளின் பெயர். அர்ப்பாத் எலோ, ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். ஆட்ட பலத்தை அளக்க அவர் போட்ட கணக்கை உலகச் செஸ் கூட்டமைப்பு 1970-இல் எடுத்துக்கொண்டது. அந்தக் கணக்குப்படி 10 எலோ கூடுதல் என்றால் எதிர்பார்க்கும் மதிப்பெண் வெறும் 51.4 சதவீதம். 2 எலோ என்றால்? 100 ஆட்டம் ஆடினாலும் 50-க்கு மேல் அரைப் புள்ளிகூடத் தேறாது. அந்த அரைப் புள்ளிக்கும் குறைந்த ஒன்றை, ஆட்டத்துக்கு ஆட்டம் அலைபாய்கிற இரைச்சலுக்கு நடுவிலிருந்து பிடித்து வெளியே இழுத்துப் போட ஆயிரக்கணக்கில் அல்ல, பல பத்தாயிரம் ஆட்டங்கள் வேண்டும். நினைத்துப் பாருங்கள், பத்தாயிரக்கணக்கான ஆட்டங்கள்! மனிதர்கள் ஆடினால் தலைமுறை போதாது.

ஆரம்பிப்பதற்கு முன்னால் நான் எப்போதும் செய்கிற ஒரு காரியம் உண்டு, அதைச் செய்யும்போதே எனக்குக் குஷி தொற்றிக்கொள்ளும். நகைக்கடையில் நிறுப்பதற்கு முன் வெறும் தட்டை நிறுத்தி முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார்களே, அதே வேலைதான். ஒரே எஞ்சினை, ஒரே செட்டிங்கோடு, இரண்டு பெயர் வைத்து ஒன்றோடொன்று மோதவிடுவது. அண்ணன் மகள் ஒரு முறை பக்கத்தில் இருந்தாள், அவளிடமே பெயர் வைக்கச் சொன்னேன். ஸ்டாக்ஃபிஷ் மீன்தானே என்று ஒன்றுக்கு மீனு, இன்னொன்றுக்கு மீனா என்று வைத்தாள். ஓடவிட்டோம். கொஞ்ச நேரத்தில் மீனு முன்னால் போய்விட்டது! "சித்தப்பா, மீனுதான் ஜெயிக்குது, மீனுக்குத்தான் மூளை ஜாஸ்தி!" என்று அவள் குதித்த குதி இருக்கிறதே! இரண்டும் ஒன்றேதான், அச்சு அசல், ஒரு எழுத்து வித்தியாசமில்லை என்று சொன்னேன். நம்பவே இல்லை. இருவரும் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்து பார்த்தோம். மீனுவின் முன்னிலை மெல்லக் கரைந்தது, மீனா எட்டிப் பிடித்தது, பிறகு மீனா கொஞ்சம் முன்னால், மறுபடி மீனு. ஆட்டம் பெருகப் பெருக அந்தச் சதவீதம் 50-ஐ நோக்கி ஒட்டிக்கொண்டே வந்தது. "அப்ப முதல்ல ஜெயிச்சது?" என்று கேட்டாள். "சும்மா!" என்றேன். இருவரும் சிரித்துச் சிரித்து ஓய்ந்தோம். வெறும் 'சும்மா' எவ்வளவு பெரிய வெற்றி மாதிரி வேஷம் போட முடியும் என்பதை இதைவிட அழகாக யாராலும் காட்ட முடியாது. நூறு ஆட்டம் ஓடவிட்டு "என் செட்டிங்தான் பெஸ்ட்" என்று மார்தட்டுகிறவர்களை உட்காரவைத்து இந்த மீனு-மீனா காட்சியைத்தான் காட்ட வேண்டும்.

அடுத்து இரண்டு பக்கமும் சமமாக்குகிற வேலை. இதில்தான் எனக்குக் கை பரபரவென்று இருக்கும். அலசிய நிலைகளைக் குறித்துவைக்கிற ஹேஷ் நினைவகம் இருவருக்கும் ஒரே அளவு. திரெட் ஆளுக்கு ஒன்று. எதிராளியின் நேரத்தில் யோசிக்கிற பாண்டரிங் இருவருக்கும் அணைப்பு, ஏனென்றால் ஒரே கம்ப்யூட்டரில் ஒருவன் யோசிப்பது இன்னொருவனின் ப்ராசஸர் கோரைத் தின்றுவிடும். கடைசிக் கட்டத்துக்கான சிசிஜி அட்டவணை கொடுத்தால் இருவருக்கும் கொடு, இல்லையென்றால் இருவருக்கும் கிடையாது. கம்ப்யூட்டரில் எத்தனை கோர் இருக்கிறதோ அதில் ஒன்றையாவது மிச்சம் வைத்துவிட்டு மீதியில் மட்டும் ஆட்டம். பிரௌசரை மூடு, அப்டேட்டை நிறுத்து. அப்புறம் வெயில்! சித்திரை மத்தியானத்தில் ப்ராசஸர் கொதித்துத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், விடியற்காலையில் மறுபடி பறக்கும். அதனால் டர்போவை அணைத்து வேகத்தை ஒரே இடத்தில் கட்டிப்போடுவேன். கட்டிப்போட்ட பிறகு நொடிக்கு எத்தனை நிலைகளை அலசுகிறது என்ற எண் ஆடாமல் அசையாமல் நிற்கும். அதைப் பார்க்கும்போது வருகிற நிம்மதியைச் சொல்லி மாளாது. இத்தனையும் செய்துவிட்டு ஒரே ஒரு செட்டிங்கில் மட்டும் கை வைக்க வேண்டும். ஒன்றே ஒன்று!

இதெல்லாம் பொடிப்பொடி விஷயம் என்று நினைக்காதீர்கள், இதற்காக உலகமே மல்லுக்கட்டியிருக்கிறது. 2017 டிசம்பரில் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஜீரோ நிரல் ஸ்டாக்ஃபிஷ் 8-ஐ 100 ஆட்டத்தில் 28 வெற்றி, 72 டிரா, தோல்வியே இல்லாமல் மடக்கிப் போட்டதே, ஞாபகம் இருக்கிறதா? உலகமே வாயைப் பிளந்து ஆட்டங்களைப் பார்த்தது. எங்களைப் போன்ற பைத்தியங்கள் ஆட்டத்துக்கு முன்னால் நிபந்தனையைப் படித்தோம். ஸ்டாக்ஃபிஷுக்கு 64 திரெட், ஆனால் ஹேஷ் வெறும் 1 ஜிபி. நகர்வுக்கு 1 நிமிடம் என்று கட்டாய நேரம், அப்படியானால் சிக்கலான இடத்தில் நேரத்தை அள்ளிச் செலவழிக்கிற அதன் திறமைக்கு அங்கே வேலையே இல்லை! எத்தனை விவாதம், எத்தனை ராத்திரிகள்! அடுத்த ஆண்டு சயன்ஸ் இதழில் வந்த விரிவான கட்டுரையில் 1000 ஆட்டம். ஆளுக்கு 3 மணி நேரம், நகர்வுக்கு 15 நொடி கூடுதல், ஸ்டாக்ஃபிஷுக்கு 44 கோர், 32 ஜிபி ஹேஷ். அப்போதும் ஆல்ஃபாஜீரோ 155 வென்று 6 மட்டும் தோற்றது. முதல் வெற்றியைவிட இந்த இரண்டாவது வெற்றிக்குத்தான் நான் எழுந்து நின்று கைதட்டினேன். இப்போதுதான் யாரும் முணுமுணுக்க முடியாதே!

சரி, இப்போது என் உயிருக்குயிரான இடத்துக்கு வருகிறேன். ஓப்பனிங்! எஞ்சின்களைத் தொடக்க நிலையிலிருந்து ஆடவிட்டால் என்ன ஆகும்? இந்தக் காலத்து எஞ்சின்கள் தப்பே செய்யாமல் டிரா, டிரா, டிரா என்று தள்ளிக்கொண்டே போகும். ஒரே ஆட்டத்தையே திரும்ப ஆடினாலும் ஆச்சரியமில்லை. அதனால் ஓப்பனிங் தொகுப்பிலிருந்து ஆட்டத்துக்கு ஆட்டம் வெவ்வேறு நிலை. அதிலும் ஷ்டெஃபான் போல் என்ற ஜெர்மானியர் செய்தாரே ஒரு காரியம், அதற்கு மாலை போட வேண்டும்: மனிதர்கள் நிஜமாக ஆடிய ஆட்டங்களிலிருந்து, வேண்டுமென்றே, வெள்ளை நன்றாக முந்தியிருக்கிற நிலைகளாகப் பொறுக்கிச் சேர்த்தார். வெல்வதா டிராவா என்று கத்திமுனையில் நிற்கிற நிலைகள்! 2022-இல் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 பதிப்பிலிருந்து நிலையின் மதிப்பீடு +1.00 என்று காட்டினால் வெல்வதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த எல்லைக்கோட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு "ம், ஆடு" என்கிறது இந்தத் தொகுப்பு. அய்யோ அநியாயம், வெள்ளைக்கு ஏகப்பட்ட சலுகை என்கிறீர்களா? அதற்குத்தான் ஜோடி! ஒரே நிலையை இரண்டு தடவை ஆட வேண்டும், முதலில் இவன் வெள்ளை, அடுத்து அவன் வெள்ளை. இருவரும் வெள்ளையில் ஜெயித்தால் ஒன்றுக்கு ஒன்று, சரிக்குச் சரி. ஒருவன் வெள்ளையில் ஜெயித்துவிட்டு, அதே பாழாய்ப்போன கறுப்பில் உட்கார்ந்து டிராவும் பிடித்துவிட்டால்? ஒன்றரை!

அந்த ஒன்றரை விழுகிற தருணத்தை ஒரு தடவை உங்களுக்குக் காட்டியே ஆக வேண்டும். கிங்ஸ் இந்தியன் பாணியில் ஒரு நிலை, வெள்ளைக்கு மையம் முழுக்கச் சொந்தம், கறுப்புக்கு மூச்சுவிட இடமில்லை. என் சோதனைச் செட்டிங் வெள்ளையில் நசுக்கி ஜெயித்தது, சரி, எதிர்பார்த்ததுதான். இப்போது மாற்றி உட்கார வேண்டும். அதே நெருக்கடியில் இவன் கறுப்பு. நான் பலகையைத் திறந்துவைத்துக்கொண்டேன், நகத்தைக் கடித்துக்கொண்டேன். மதிப்பீடு +1.1, +1.3, +1.2 என்று கழுத்தை நெரித்துக்கொண்டே இருக்கிறது. ராணிகள் வெட்டுப்பட்டன, குதிரைகள் போயின, கடைசியில் ஆளுக்கொரு ரூக், வெள்ளையிடம் எஃப் வரிசையிலும் ஹெச் வரிசையிலும் கூடுதலாக இரண்டு சிப்பாய்! இரண்டு சிப்பாய் அதிகம் என்றால் முடிந்தது கதை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ரூக்கோடு இந்த இரண்டு வரிசைச் சிப்பாய்கள் சேர்ந்தால் சரியாகத் தடுத்தாடுகிறவன் பெரும்பாலும் தப்பிவிடலாம் என்பது பழைய எண்ட்கேம் பாடம். கறுப்பு ராஜா ஜி7-இல் அசையாமல் நிற்கிறான், ரூக் தூரத்திலிருந்து செக், ஒதுங்கினால் பக்கவாட்டில் செக், திரும்ப வந்தால் பின்னாலிருந்து செக். மதிப்பீடு சரிகிறது, 0.8, 0.5, 0.2... 0.00! நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து "பிடிச்சுட்டான்டா!" என்று கத்தினேன், நடுராத்திரி, பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. அரைப் புள்ளி, பத்தாயிரக்கணக்கில் ஓர் அரைப் புள்ளி, அதற்கா இந்தக் கூத்து என்றால், ஆமாம், அதற்குத்தான்!

ஆட்டங்களைத் தனித்தனியாக எண்ணாமல் ஜோடி ஜோடியாக எண்ணுவதில் ஓர் அற்புதம் ஒளிந்திருக்கிறது. ஒரு ஜோடிக்கு 0, அரை, 1, ஒன்றரை, 2 என்று ஐந்து முடிவுகள்தான். ஐந்து பெட்டி வைத்து எந்தப் பெட்டியில் எத்தனை என்று பார்த்தால் போதும். ஓப்பனிங் யார் பக்கம் சாய்ந்திருந்தாலும் அந்தச் சாய்வு ஜோடிக்குள்ளேயே அடிபட்டுப் போய்விடுகிறது, அதனால் பிழை வரம்பு சுருங்குகிறது, அதே உண்மை குறைந்த ஆட்டத்தில் கைக்கு வந்துவிடுகிறது. முதன்முதலில் இது புரிந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை, பார்க்கிறவர்களிடமெல்லாம் ஐந்து பெட்டி, ஐந்து பெட்டி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இனி உச்சம். எத்தனை ஆட்டத்தில் நிறுத்துவது? ஆசைப்பட்ட ஆள் முன்னால் போனதும் நிறுத்தினால் மோசடி. இத்தனை என்று முன்னாலேயே முடிவுகட்டினால், பாதியிலேயே தெரிந்துபோன விடைக்கும் மீதி ராத்திரி வீண். இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஆபிரகாம் வால்ட். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில், தளவாடங்களைச் சோதிக்கிற வேலைக்காக அவர் உருவாக்கிய முறை. அது எவ்வளவு பயனுள்ளது என்றால் போர்க்காலத்தில் அதை ரகசியமாகவே வைத்திருந்தார்கள், 1945-இல்தான் இதழில் வந்தது. ஒவ்வொரு முடிவு வந்ததும் ஒரு கணக்கு: "புதுச் செட்டிங் நிஜமாகவே மேல்" என்பது உண்மையானால் இந்த முடிவுகள் வர எவ்வளவு வாய்ப்பு, "மேல் இல்லை" என்பது உண்மையானால் எவ்வளவு? இரண்டின் விகிதத்துக்கு மடக்கை எடுத்தால் எல்எல்ஆர் என்று ஓர் எண். அது +2.94-ஐத் தொட்டால் பாஸ், −2.94-ஐத் தொட்டால் ஃபெயில், நடுவில் இருந்தால் இன்னும் ஆடு! தப்பாகச் சொல்வதற்கான வாய்ப்பை இரு பக்கமும் 5 சதவீதத்துக்குள் கட்டிப்போடுகிற எண் அது. 95-ஐ 5-ஆல் வகுத்தால் 19, 19-க்கு இயற்கை மடக்கை 2.94. எங்கேயோ வானத்திலிருந்து விழுந்த எண் இல்லை, பள்ளிக்கூடத்து மடக்கைதான்! இதைப் பண்ணிய மனிதர் எங்கே இறந்தார் தெரியுமா? நம் நீலகிரியில். இந்தியாவுக்கு உரையாற்ற வந்தவர், 1950 டிசம்பரில் மனைவியோடு விமானத்தில் போகும்போது, அந்த மலையில் விமானம் மோதி இருவரும் போய்விட்டார்கள். 48 வயது. இது தெரிந்த நாளிலிருந்து ஊட்டி மலைப்பாதையில் பஸ் வளைந்து ஏறும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான், 2.94-தான். என் திரையில் ராத்திரி ஓடுகிற கணக்கின் சொந்தக்காரர் இந்த மலையில் இருக்கிறார் என்று நினைத்தாலே நெஞ்சு அடைத்துக்கொள்கிறது.

அந்த எண் ஏறுவதைப் பார்த்திருக்கிறீர்களா? 0.4, 0.9, 1.6... பிறகு சட்டென்று சறுக்கி 0.7. போச்சு என்று நினைக்கும்போது மறுபடி 1.3, 2.0, 2.5, 2.71, 2.68, 2.83, மூச்சைப் பிடித்துக்கொண்டு, காபி ஆறிக் கிடக்க, ஓர் ஒன்றரை, ஒரே ஓர் ஒன்றரை விழுந்தால் போதும் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டு, விழுந்ததா, விழவில்லை, ஒன்றுக்கு ஒன்று, மறுபடி ஒன்றுக்கு ஒன்று, இதோ விழுந்தது, 2.95, ஆட்டம் நின்றது, பாஸ்! எந்தக் கிரிக்கெட் கடைசி ஓவரும் எனக்கு இந்த நடுக்கத்தைத் தந்ததில்லை.

இதையே உலகம் முழுக்கக் கைகோத்துச் செய்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்னும் பரவசம். நார்வேக்காரர் டோர்ட் ரொம்ஸ்டாட் எழுதிய கிளாருங் எஞ்சினை எடுத்து 2008-இல் இத்தாலிக்காரர் மார்க்கோ கோஸ்டால்பா கிளப்பியதுதான் ஸ்டாக்ஃபிஷ். நார்வேயில் பிடித்து இத்தாலியில் சமைக்கிற கருவாட்டின் பெயர். 2013-இல் கேரி லின்ஸ்காட் ஃபிஷ்டெஸ்ட் என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார். யார் என்ன மாற்றம் செய்தாலும், எவ்வளவு பெரிய கில்லாடியானாலும், சோதனையில் தேற வேண்டும். முதலில் 10 நொடியும் நகர்வுக்கு 0.1 நொடியும், அதில் தேறினால் 60 நொடியும் 0.6 நொடியும். ஆட்டங்களை ஆடுவது யாருடைய கம்ப்யூட்டர்? தன்னார்வலர்களுடையது, நம்முடையதும்தான்! என் பழைய லேப்டாப்பையும் சேர்த்துவிட்டிருக்கிறேன். ஆரம்பிக்கும்போது அது எவ்வளவு வேகம் என்று அளந்துபார்த்து, மெதுவான கம்ப்யூட்டருக்கு அதற்கேற்ப நேரத்தைக் கூட்டிக் கொடுக்கிறது அந்த ஏற்பாடு, பெரிய சர்வரில் ஆடுகிற ஆட்டத்துக்கும் என் கிழட்டு லேப்டாப்பில் ஆடுகிற ஆட்டத்துக்கும் தரம் ஒன்றாக இருக்கட்டும் என்று! நியாயத்தை இவ்வளவு தூரம் யோசித்தவர்களை எங்கே தேடுவது?

மின்விசிறிச் சத்தமும் கரண்ட் பில்லும் கொஞ்சம் கூடும், ஓடவிடுகிற சோதனைகளில் பெரும்பாலானவை ஃபெயில்தான் ஆகும் என்று சிலர் சொல்வார்கள். ஆகட்டுமே! −2.94 விழுந்தாலும் எனக்குக் கொண்டாட்டம்தான், நேற்று வரை யாருக்கும் தெரியாத ஒன்று இன்று தெரிந்துவிட்டதே.

சரி, இன்று ராத்திரியே ஆரம்பியுங்கள். முதல் சோதனைக்கு ஹேஷ் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாக்ஃபிஷ் வரும்போதே 16 எம்பியோடு வரும், அது ஒரு பக்கம், 64 எம்பி இன்னொரு பக்கம், மற்றதில் கை வைக்காதீர்கள். 10 நொடி, 0.1 நொடி. ஜோடி ஜோடியாக ஓப்பனிங். முதலில் மீனு-மீனா, அப்புறம் நிஜ ஆட்டம். பிறகு அதே இரண்டையும் 60 நொடியில் ஓடவிட்டு, வித்தியாசம் கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள். விடை எனக்குத் தெரியும், ஆனால் சத்தியமாகச் சொல்ல மாட்டேன். அந்த எண் ஏறுவதை நீங்களே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.